பாலஸ்தாபனம் முதல் கும்பாபிஷேகம் வரை: யாழ்ப்பாணக் கோவில்களில் எது மாறலாம், எது மாறக்கூடாது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊருக்குள் போனாலும் ஏதாவது ஒரு கோவிலில் சாரம் கட்டியிருக்கிறது. பழைய வில்லுமண்டபத்தை இடித்துவிட்டுக் கொங்கிறீற்றுத் தூண் எழுப்புகிறார்கள். மூன்று நிலைக் கோபுரம் நின்ற வாசலில் ஏழு நிலைக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். தை பிறந்துவிட்டால் பத்திரிகைகளில் கும்பாபிஷேகச் சிறப்பு மலர்கள் வரிசையாக வருகின்றன.

கூடவே குழப்பமும் வருகிறது. கும்பிட வந்தவர் மூலஸ்தானம் பூட்டியிருப்பதையும் ‘பாலஸ்தாபனம் செய்யப்பட்டுள்ளது’ என்ற அறிவித்தலையும் கண்டு, அப்படியென்றால் சாமி இப்போது எங்கே என்று கேட்கிறார். கோவில் கூட்டத்தில் ஒருவர் ‘இது ஆகமப்படி இல்லை’ என்கிறார். இன்னொருவர் ‘எங்கள் ஊர் வழக்கம் இதுதான்’ என்கிறார். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவருக்கோ கோபுரத்துக்குக் கொடுப்பதா, பூசைக்குக் கொடுப்பதா என்பது தெரிவதில்லை.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் தொடங்குகிறது. கோவில் அமைப்புக்கும் வழிபாட்டுக்கும் விதி சொல்லும் நூல்களான சைவ ஆகமங்களின் மரபில் கோவில் உள்ளிருந்து வெளியே வளர்வது. மூலஸ்தானத்தில் இறைவனின் சாந்நித்தியம் (விளங்கி நிற்கும் இருப்பு), அதற்குத் தவறாமல் நடக்கும் நித்திய பூசை, அவற்றைச் சுற்றியே மண்டபமும் மதிலும் கோபுரமும் தேரும் வீதியும். இந்த வரிசை பிடிபட்டால் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

எங்கும் இருப்பவருக்கு ஓர் இடம் எதற்கு?

இறைவன் எங்கும் நிறைந்தவன், உருவம் கடந்தவன் என்பதே சைவ சித்தாந்தம். அப்படியானவனைச் சுவருக்குள் வைப்பது முரண் அல்லவா என்று கேட்பது நியாயமான கேள்விதான். சித்தாந்த ஆசிரியர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் இறைவன் பாலில் நெய் போல மறைந்து நிற்கிறான். கோவிலிலோ தயிரில் நெய் போல விளங்கி நிற்கிறான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் 12ஆவது சூத்திரம், அதாவது கடைசிச் சூத்திரம், அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழச் சொல்லி முடிகிறது. ஞானம் கைவந்த பிறகும் கோவில் வழிபாடு தேவையே என்பது அதன் பொருள்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன.

1. வழிபாடு இரு வகைப்படும். ஒருவர் தன் வீட்டில், தன் நன்மைக்காகச் செய்வது ஆன்மார்த்தம். தீட்சையும் ஆசாரிய அபிஷேகமும் பெற்ற சிவாசாரியார் உலக நன்மைக்காகச் செய்வது பரார்த்தம். கோவில் பூசை பரார்த்தம்.

2. பரார்த்தம் என்பதால் கும்பிட ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பூசை நடக்க வேண்டும். உச்சிவெயிலில் ஒருவருமில்லாத கோவிலில் குருக்கள் தனியாக மணியடித்துத் தீபம் காட்டுவதை வீண் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகமத்தின் கண்ணில் கோவில் உயிரோடு இருப்பது அந்தத் தீபத்தினால்தான்.

சைவாகமங்கள் 28. ஒவ்வொன்றும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு பாதங்களாக வகுக்கப்படும். கோவில் கட்டும் முறையும் பிரதிஷ்டையும் பூசையும் திருவிழாவும் கிரியா பாதத்தில் வருகின்றன. காமிகமும் காரணமும் அதிகம் கையாளப்படுபவை. முருகன் கோவில்களுக்குக் குமார தந்திரத்தை எடுத்துக் காட்டுவார்கள். நடைமுறையில் குருக்கள்மார் கையில் இருப்பவை இந்த மூல நூல்களைச் சுருக்கி வழிப்படுத்திய பத்ததிகள்.

உள்ளிருந்து வெளியே: வளாகத்தின் பகுதிகள்

கோவிலின் தரைப்படம் மனித உடம்பு என்பது பழைய நம்பிக்கை. மூலஸ்தானம் தலை, அர்த்தமண்டபம் கழுத்து, மகாமண்டபம் மார்பு என்று தொடங்கி, கோபுரத்தில் பாதமாக முடியும். வாசலில் கோபுரத்தைக் கும்பிட்டு உள்ளே போகிறவர் திருவடியில் தொடங்கித் திருமுகத்துக்குப் போகிறார். யாழ்ப்பாணத்து அமைப்பில் உள்ளிருந்து பார்த்தால் வருவன இவை.

1. மூலஸ்தானம். இருட்டாக, ஒரே வாசலோடு, குருக்கள் மட்டுமே நுழையும் சிறிய அறை. கோவிலின் மற்ற அளவுகள் இதையும் மூல மூர்த்தியின் அளவையும் வைத்தே கணிக்கப்படுகின்றன. இதன் மேலே எழுவது விமானம். நாங்கள் தூபி என்று சொல்லும் கலசம் இருப்பது அதன் உச்சியில்.

2. அர்த்தமண்டபம், மகாமண்டபம். பூசைப் பொருட்களுக்கும் பூசகருக்கும் முதலாவது, அடியவர்களுக்கு இரண்டாவது.

3. தம்பமண்டபம். கொடித்தம்பம், பலிபீடம், வாகனம் மூன்றும் இங்கே ஒரே நேர்கோட்டில் நிற்கும். சிவன் கோவிலில் நந்தி, பிள்ளையார் கோவிலில் மூஷிகம், முருகன் கோவிலில் மயில். பாடசாலையில் சைவநெறி படித்தவர்களுக்கு இந்த நேர்கோட்டின் பொருள் நினைவிருக்கும்: உள்ளே இருப்பது பதியாகிய இறைவன், அதை நோக்கி இருக்கும் வாகனம் பசுவாகிய உயிர், ஆணவத்தைப் பலியிட வேண்டிய இடம் பலிபீடம். அந்த நேர்கோட்டுக்குக் குறுக்கே போகக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பது இதனால்தான். திருப்பணியில் தூணோ மேடையோ இந்தக் கோட்டை மறைத்துவிட்டால் அது சிறு பிழை அல்ல.

4. வசந்தமண்டபம். மூல மூர்த்தி அசையாது. அதனால் வீதிவலம் வருவதற்கு எழுந்தருளி விக்கிரகம் தனியே உண்டு. அதன் இருப்பிடம் இது. திருவிழாக் காலத்தில் கூட்டம் நிற்பதும் தவிலும் நாதஸ்வரமும் முழங்குவதும் வசந்தமண்டபப் பூசைக்குத்தான்.

5. பரிவார மூர்த்திகள். தென்மேற்கில் பிள்ளையார், வடமேற்கில் முருகன், வடகிழக்கு மூலையில் வைரவர், மூலஸ்தானத்துக்கு வடக்கே சண்டேசுவரர் என்று உள்வீதியைச் சுற்றி இடங்கள் நிர்ணயமானவை. யாகசாலை, மடைப்பள்ளி, வாகனசாலை ஆகியவற்றுக்கும் திசை உண்டு.

6. கோபுரமும் மதிலும் வெளிவீதியும். இராசகோபுரத்தைத் தூலலிங்கம், அதாவது பருவடிவான லிங்கம், என்பார்கள். உள்ளே வர முடியாதவரும் தூரத்தில் நின்று கும்பிட வேண்டும் என்பது அதன் நோக்கம். வெளிவீதி தேருக்கானது, அங்கப்பிரதட்டை செய்பவருக்கும் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கும் பெண்களுக்கும் உரியது. அதனால்தான் எங்கள் வெளிவீதிகள் மணலாக இருந்தன. இப்போது பல இடங்களில் அந்த மணலுக்கு மேல் சீமெந்துக் கல் பதிக்கிறார்கள். நடுப்பகலில் அதன் மேல் உருளுகிறவரின் உடம்பை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

7. தீர்த்தம். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றில் அடிக்கடி மறக்கப்படுவது. நிரந்தரமாக ஓடும் ஆறு இல்லாத, சுண்ணாம்புப் பாறையின் மேல் கிடக்கும் குடாநாட்டில், மழைநீரை நிலத்துக்குள் இறக்குவது குளமும் கேணியும்தான். மாவிட்டபுரம் கந்தசுவாமி கடலோரத்து நன்னீரூற்றான கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகிறார். வல்லிபுர ஆழ்வார் கடலுக்குப் போகிறார். கேணியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, அடியில் கொங்கிறீற்றும் போட்டுவிட்டால் அது தொட்டி. ஊர்க் கிணறுகளுக்கு அதனால் பயன் இல்லை.

எங்கள் கோவில்கள் ஏன் தமிழ்நாட்டுக் கோவில்கள் போல இல்லை?

தஞ்சாவூரையும் மதுரையையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாழ்ப்பாணக் கோவில்கள் புதியனவாக, சிறியனவாகத் தெரிவதைக் குறையாகச் சொல்வதுண்டு. காரணங்கள் தெளிவானவை.

முதற் காரணம் இடிப்பு. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1620களில் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் தரைமட்டமாக்கப்பட்டது. அந்தக் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. குடாநாட்டின் மற்றைய கோவில்களுக்கும் அதே கதிதான். 1658இல் வந்த ஒல்லாந்தரும் நீண்டகாலம் பொது வழிபாட்டைத் தடுத்தார்கள். விரதமிருந்து சாப்பிட்ட வாழையிலையைக் கூரைக்குள் ஒளித்து வைத்த கதையை இன்றும் பாட்டிமார் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிடி தளர்ந்த பிறகே கோவில்கள் மீண்டும் எழுந்தன. இன்றைய நல்லூர்க் கோவில் 1734இல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அதுவும் பழைய இடத்தில் அல்ல. முத்திரைச்சந்தியில் இன்று தேவாலயம் நிற்கும் சூழலே பழைய கோவில் இருந்த இடம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோவிலை வைத்திலிங்கச் செட்டியார் எழுப்பியதும் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான்.

இரண்டாவது, கல். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. கருங்கல் வேண்டுமென்றால் வன்னியிலிருந்தோ கடல் கடந்தோ வர வேண்டும். பொழிந்த வெள்ளைக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே எங்கள் முன்னோரின் கட்டடப் பொருட்கள். தாழ்ந்த கூரை, தடித்த சுவர், வளைந்த வில்லுமண்டபம் என்ற அமைப்பு அந்தப் பொருட்களுக்குப் பொருத்தமாக வந்தது. அதற்கென ஓர் அழகும் குளிர்ச்சியும் உண்டு. அவற்றை ‘பழசு’ என்று இடிக்கும்போது யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலையின் மிச்சம் இடிபடுகிறது.

மூன்றாவது, அரச ஆதரவு இல்லாமை. மீண்டெழுந்த கோவில்களைக் கட்டியவர்கள் குடும்பங்களும் ஊரவர்களும் வணிகர்களும். அதனால்தான் ஒரே ஊரில் பத்துக் கோவில், ஒவ்வொன்றையும் நிர்வகிக்க ஓர் ஆதீனகர்த்தா அல்லது பரிபாலன சபை, ஒவ்வொரு திருவிழாவின் செலவையும் ஏற்க ஓர் உபயகாரர் என்ற அமைப்பு வந்தது.

அரசர் காலத்தின் தடயம் முற்றாக அழிந்துவிடவும் இல்லை. நல்லூருக்கு நாற்றிசையும் காவலாகச் சொல்லப்படும் வெயிலுகந்த பிள்ளையார், கைலாசநாதர், வீரமாகாளி அம்மன், சட்டநாதர் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. நல்லூரில் படிக்கப்படும் கட்டியத்தில் சங்கபோதி புவனேகபாகு என்ற அந்தக் காலத்து ஆட்சியாளரின் பெயர் இன்றும் வருகிறது. கட்டடம் இடிந்து, இடம் மாறி, ஆட்சி நான்கு கை மாறிய பிறகும் ஒரு வாழ்த்துரை பிழைத்திருக்கிறது என்றால் அதைக் காத்தது வழிபாட்டின் தொடர்ச்சியே.

திருப்பணி தொடங்கும்போது சாமி எங்கே போகிறார்?

பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி இது. விக்கிரகம் கல்லாலோ உலோகத்தாலோ ஆனது. அதில் மந்திரத்தாலும் கிரியையாலும் நிறுவப்பட்டது சாந்நித்தியம். நிறுவியதை அதே முறையில் வேறோர் இடத்துக்கு மாற்றலாம் என்பதே பாலஸ்தாபனத்தின் அடிப்படை.

நடக்கும் வரிசை பொதுவாக இதுதான்.

1. இறைவனிடம் திருப்பணிக்கு அனுமதி கேட்கிறார்கள். இது அனுஞ்ஞை.

2. மூல மூர்த்தியில் உள்ள கலைகளை, அதாவது இறையாற்றலின் கூறுகளை, கும்பத்துக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். இது கலாகர்ஷணம்.

3. மண்டபத்தில் ஓரிடத்தில் சிறிய ஆலயம் அமைத்து, அங்கே கும்பத்திலோ அத்திப் பலகையில் எழுதிய வடிவிலோ இறைவனை இருத்துகிறார்கள். இதுவே பாலாலயம். சாமி இருக்கும் இடம் இப்போது இது. நித்திய பூசை இங்கே நடக்கும். கொடியேற்றித் திருவிழா செய்வதில்லை.

4. வேலை நடக்கிறது. மூலஸ்தானம் இப்போது கட்டட இடம். தொழிலாளர்கள் உள்ளே போகலாம், கல் பெயர்க்கலாம்.

5. வேலை முடிந்ததும் யாகசாலை அமைத்து, கும்பங்களில் ஆவாகனம் செய்து, பல வேளை யாகபூசை செய்கிறார்கள்.

6. விக்கிரகத்தைப் பீடத்தோடு பொருத்துவது அட்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், நற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் இடித்துப் பிசைந்து செய்யும் சாந்து இது. இறுகினால் நீர் புகாது. காலப்போக்கில் வெடிக்கும், அபிஷேக நீர் பீடத்துக்கு அடியில் இறங்கத் தொடங்கும். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்ற வழக்கத்துக்கு இந்த நடைமுறைத் தேவையும் ஒரு காரணம்.

7. எண்ணெய்க்காப்பு. குருக்கள் மட்டுமே தொடும் மூர்த்திக்குச் சாதாரண அடியவர் தன் கையால் எண்ணெய் சாத்தும் நாள். நிரை நிரையாகச் சனம் நின்று, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்த் தொட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே வருவதை இங்கு காணலாம். அதன் பிறகு அந்த வாய்ப்பு அடுத்த கும்பாபிஷேகத்துக்குத்தான்.

8. நல்ல முகூர்த்தத்தில் கும்பங்கள் வீதிவலம் வந்து, தூபிக்கும் மூர்த்திக்கும் அபிஷேகமாகின்றன. சாந்நித்தியம் மூலஸ்தானத்துக்குத் திரும்பிவிட்டது. தொடர்ந்து மண்டலாபிஷேகம், பொதுவாக 48 நாள்.

அப்படியானால் கதவு பூட்டியிருக்கும் கோவிலில் கும்பிடுவது குறைவான வழிபாடா? இல்லை. பாலாலயத்தில் இருப்பதும் அதே சாந்நித்தியம். பிழை வருவது பாலஸ்தாபனம் செய்துவிட்டுப் பணமில்லாமலோ வழக்கினாலோ வருடக்கணக்காக இழுபடும்போது. தற்காலிக இருப்பிடம் நிரந்தரமாகிவிடக் கூடாது. அதனால் முழுப் பணத்துக்கும் வழி தெரியாமல் மூலஸ்தானத்தில் கைவைப்பது ஆகம வழியிலும் நிர்வாக வழியிலும் தவறு.

நான்கு வகைக் கும்பாபிஷேகமும் போரின் பின்னான கோவில்களும்

ஆகம மரபு கும்பாபிஷேகத்தை நான்காகப் பிரிக்கிறது. புதிய கோவில், புதிய மூர்த்தி என்றால் ஆவர்த்தம். வெள்ளம், கடல் போன்றவற்றால் அழிந்து பூசையற்றுக் கிடந்த கோவிலை மீட்பது அநாவர்த்தம். பூசை நடக்கும் கோவிலில் பழுது பார்த்துச் செய்வது புனராவர்த்தம். களவு, பகைவரால் உடைப்பு போன்றவை நேர்ந்தால் தூய்மை செய்து செய்வது அந்தரிதம்.

சமாதான காலத்தில் இந்தப் பிரிவுகள் குருக்கள்மாருக்கு மட்டும் உரிய சங்கதி போலத் தோன்றும். 1990க்குப் பிறகு அவை குடாநாட்டின் வடபகுதியான வலிகாமம் வடக்கு மக்களின் சொந்தக் கேள்விகளாகின. இலங்கையின் பழைய ஐந்து சிவத்தலங்களான பஞ்ச ஈசுவரங்களில் ஒன்றான கீரிமலை நகுலேசுவரம் அந்த ஆண்டு விமானக் குண்டுவீச்சில் சிதைந்தது. சுற்றியிருந்த ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. இடம்பெயர்ந்தபோது எழுந்தருளி விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒன்றையும் எடுக்க முடியாமல் ஓடியவர்கள் அதிகம். காணிகள் படிப்படியாக விடுபட்டபோது திரும்பியவர்கள் கண்டது ஆலமரவேர் பிளந்த சுவரையும் கூரையில்லாத மூலஸ்தானத்தையும்தான். உடைந்த விக்கிரகத்தை என்ன செய்வது, இத்தனை ஆண்டு விளக்கெரியாத இடத்தில் சாந்நித்தியம் இருக்கிறதா, புதிதாகத் தொடங்குவதா தொடர்வதா என்ற கேள்விகளுக்கு மேற்சொன்ன பிரிவுகள் பதில் வைத்திருந்தன. அங்கம் பெரிதாகச் சிதைந்த மூர்த்தியைப் பூசைக்கு வைப்பதில்லை. முறைப்படி நீரில் இடுவார்கள். இடம் மட்டும் தன் தலத் தன்மையை இழப்பதில்லை. நகுலேசுவரத்தில் 2012இல் கும்பாபிஷேகம் நடந்தது.

ஆகமத்துக்கு அடங்காத கோவில்கள்

‘ஆகமப்படி’ என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டு குடாநாட்டின் மிகப் பெரிய கோவில்களை அளந்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது.

நல்லூர் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். வல்லிபுரத்தில் சக்கரம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் பிராமணரல்லாத பூசகர்கள், கதிர்காமத்தைப் போல வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மந்திரம் ஓதாமல் மௌனமாகப் பூசை செய்கிறார்கள்; ஆலிலையில் அமுது படைக்கிறார்கள். மூன்றிலும் கூடும் சனத்தையோ அவர்களின் பக்தியையோ ஒருவரும் சந்தேகிக்க முடியாது.

இந்த விவாதம் புதிதல்ல. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) நல்லூர்க் கோவிலின் கட்டட அமைப்பும் மூலஸ்தானத்தில் விக்கிரகத்துக்குப் பதிலாக வேல் இருப்பதும் ஆகமத்துக்கு ஒவ்வாதவை என்று கடுமையாகக் கண்டித்தார். மிஷனரிகளின் தாக்குதலுக்கு நடுவில், கோவில் ஒழுங்காகவும் நூல் வழியாகவும் இருக்க வேண்டும் என்ற அவருடைய கவலை விளங்கிக்கொள்ளக்கூடியது. ஆனால் வேல் மாறவில்லை. இன்று நல்லூரின் 25 நாள் திருவிழா குறித்த நேரத்துக்கு நிமிடம் பிசகாமல் நடக்கிறது. அர்ச்சனைச் சீட்டு 1 ரூபா என்பதை ஊரே பெருமையோடு சொல்கிறது.

என் கணிப்பில், கோவிலின் தன் மரபு தொடர்ச்சியாக இருந்தால் அதுவே அந்தக் கோவிலுக்கு விதி. ஆகமம் பேசுகிற அறிஞர்களிலும் பலர் இதற்கு இடம் கொடுக்கிறார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மரத்தடிச் சூலமாக நின்ற வைரவர், அண்ணமார், நாச்சிமார், முனி போன்ற ஊர்த் தெய்வங்களைக் கும்பாபிஷேகத்தோடு பெயர் மாற்றி, பிள்ளையாராக, ஞானவைரவராக, அம்மனாக ஆக்கும்போது அந்த ஊரின் பரம்பரைப் பூசகரும் பொங்கலும் மடைப் படையலும் மரமும் போய்விடுகின்றன. உயிர்ப்பலியை நிறுத்தியதை நான் வரவேற்கிறேன். அதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

கோபுரம் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும்?

1010இல் நிறைவேறிய தஞ்சைப் பெரிய கோவிலில் மிக உயர்ந்தது மூலஸ்தானத்தின் மேலுள்ள விமானம். வாசற் கோபுரங்கள் அதைவிடச் சிறியவை. வாசலில் வானளாவ எழுப்பும் வழக்கம் பின்னாளில், விசயநகர, நாயக்கர் காலங்களில் பெருகியது. ஆகவே உயர்ந்த இராசகோபுரம் இல்லாத கோவில் குறையுள்ள கோவில் அல்ல.

நல்லூரில் தெற்கு வாசலில் 2011இலும் வடக்கு வாசலில் 2015இலும் ஒன்பது நிலைக் கோபுரங்கள் எழுந்தன. அந்தக் கோவிலின் வீதியும் வரும் சனமும் அதைத் தாங்கும். அதைப் பார்த்து ஐம்பது குடும்பம் கும்பிடும் ஊர்க் கோவிலும் ஏழு நிலைக்கு ஆசைப்படுவதுதான் கவலை. கோபுரத்தின் அளவு மூலஸ்தானத்தின் அளவோடு பொருந்த வேண்டும் என்பது சிற்ப நூல் விதி. அடுத்தது உப்புக்காற்று. கடல் சூழ்ந்த குடாநாட்டில் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்கி, சுதைச் சிற்பங்களை உடைத்துத் தள்ளும். உயரம் கூடக் கூடப் பராமரிப்புச் செலவும் கூடும். அந்தச் செலவு அடுத்த தலைமுறையின் தலையில்.

யார் உள்ளே வரலாம்?

உள்ளே வர முடியாதவரும் கும்பிடுவதற்கே கோபுரம் என்று சொன்னேன். தேரும் அப்படி எல்லோருக்குமாக இறைவன் வெளியே வரும் வழி. அந்த நம்பிக்கையையே வைத்து, ‘நீங்கள் வெளியே நின்று கும்பிடுங்கள்’ என்று ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தலைமுறை தலைமுறையாக வாசலில் நிறுத்தினார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து பதினொரு ஆண்டு கழித்து, 1968இல், மாவிட்டபுரத்தில் உள்ளே போக முயன்றவர்கள் மறிக்கப்பட்டு அடிக்கப்பட்டார்கள். மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சி. சுந்தரலிங்கம்.

மூலஸ்தானத்துக்குள் தீட்சை பெற்றவர் மட்டுமே போகலாம் என்பது ஆகமக் கட்டுப்பாடு. அது எல்லாச் சாதியாருக்கும் பொது. மகாமண்டப வாசலில் பிறப்பைக் கேட்பது வேறு விடயம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய கோவில்களின் கதவுகள் திறந்துவிட்டன. சில ஊர்க் கோவில்களில் தேர்வடம் பிடிப்பதிலும் சாமி காவுவதிலும் பழைய தடை வேறு பெயர்களில் தொடர்கிறது.

முடிவெடுப்பவர் யார்?

தமிழ்நாட்டில் கோவில்களை அரசின் இந்து சமய அறநிலையத்துறை மேற்பார்க்கிறது. இலங்கையில் அப்படியில்லை. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் கோவில்களைப் பதிவு செய்கிறது, உதவுகிறது. அன்றாட நிர்வாகம் ஆதீனகர்த்தாவிடமோ பரிபாலன சபையிடமோ இருக்கிறது. தகராறு வந்தால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். ஒரு கோவில் குடும்பச் சொத்தா, பொது நம்பிக்கைப் பொறுப்பா என்ற வழக்கு வருடக்கணக்கில் ஓடுவது இங்கே புதினமல்ல. அந்த வழக்கு ஓடும் காலமெல்லாம் பாலாலயத்தில் விளக்கெரிவதும் உண்டு.

எனவே திருப்பணிக்குப் பணம் கொடுக்கப் போகிறவர், ஊரிலிருந்தாலும் கனடாவிலிருந்தாலும், முதலில் கேட்க வேண்டியவை சில.

1. கோவிற் காணியின் உறுதி (உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது? வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா?

2. மூலஸ்தானத்தில் கைவைக்கிறார்களா, வெளி மண்டபம் மட்டுமா? மூலஸ்தானம் என்றால் முழுச் செலவுக்கும் பணம் கையில் உண்டா?

3. இடிக்கப் போகும் மண்டபத்தின் வயது என்ன? இடிக்காமல் பழுது பார்க்க முடியாது என்று சொன்னது யார்: சிற்பாசாரியாரா, ஒப்பந்தகாரரா?

4. கேணிக்கும் வீதி மணலுக்கும் மரங்களுக்கும் வரைபடத்தில் இடமிருக்கிறதா?

5. கும்பாபிஷேகம் முடிந்த மறுநாளிலிருந்து குருக்களின் மாதச் சம்பளம், நைவேத்திய அரிசி, விளக்கெண்ணெய் ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு? சனம் முழுதாகத் திரும்பாத வலிகாமம் வடக்குக் கிராமங்களில் ஒரே குருக்கள் சைக்கிளில் போய் மூன்று நான்கு கோவிலுக்குப் பூசை செய்கிறார். கடைசிக் கோவிலின் உச்சிக்காலப் பூசை பின்னேரமாகிவிடுகிறது. அந்தக் கோவிலுக்கு இப்போது தேவைப்படுவது நிரந்தர வைப்பில் போட்டு வட்டியை மாதம் மாதம் பூசைக்குக் கொடுக்கும் ஒரு தொகை.